பூக்கட்டிப் பார்க்கும் ஆஸ்பத்திரி

லண்டன்,
ஜூன் 1965

அன்புள்ள அம்மாவுக்கு,

மருதமுத்து வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டரோடுதான் திரிகிறேன்.

கதிர் சிகிச்சை டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். வயதான ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புற்று வருகிறது. அதற்குக் கதிர் வைப்பது நல்லதா, மாத்திரையே போதுமா என்று சோதிக்கிறோம். யாருக்கு எது என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாது. ஒட்டிய உறையைப் பிரித்தால் உள்ளே எழுதியிருக்கும். அக்கா கல்யாணத்துக்கு நீ கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாயே, ஏறக்குறைய அதுதான்.

நேற்று வந்த பெரியவர் ரயில்வேயில் இருந்தவர். அப்பாவைப் போலவே தலை வாரியிருந்தார். அடிக்கடி மூத்திரம் போவதை வெட்கப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒரு வருஷம் மறைத்தாராம். உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சிரித்துத் தேற்றினார்.

சீரங்கம் தேருக்குப் போன அப்பா, அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்ததால் பாதியில் திரும்பிவிட்டார், சூடுதான், வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சூடாகவே இருக்கலாம். கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ போய் வேலயப் பாரு" என்பார். விடாமல் கேள். முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் கேட்கிற கேள்வியை அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் குழம்புப் பொடி கொடுத்தனுப்பு. அப்பாவின் பழைய துண்டில் சுற்றிக் கொடு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பூவெல்லாம் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதே, அம்மா. நேரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

மருதமுத்து