ஹாலில் குடியிருக்கும் அரசாங்க மண்

அன்புள்ள மகளுக்கு,

நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமலே ஓய்வெடுத்துக்கொள்கிறது. நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் போன கடிதத்தில் பாதி வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளியே இல்லை, அத்தனை அவசரம் உடம்புக்கு ஆகாது. அதிகாரி வந்துபோன கதையை உன் துறைத் தலைவர் உனக்குப் போனில் சொல்லிவிட்டாராம். அதை அப்படியே நம்பிவிடாதே, அன்று அவர் பெரும்பாலும் வாசலில் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை நான் ஒழுங்காக எழுதுகிறேன்.

நீ வெளிநாட்டில் இருந்து செய்யும் மண் ஆராய்ச்சிக்கு இரண்டு நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து பணம் தருகின்றன என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். அந்தப் பணத்தில் இங்கே வந்த ஃப்ரீசர் பல்கலைக்கழகத்தில் உன் அறைக் கதவைவிட நான்கு விரற்கடை அகலம். கதவை இடிக்கலாம்தான், ஆனால் கருவிக்குக் கொடுத்த பணத்தில் கதவைத் தொடக்கூடாதாம், கதவுக்குத் தனி இலாகாவாம், அது எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டட வராந்தாவில் வைத்தால் கரண்ட் அடிக்கடி போய்விடுகிறது. நம் வீட்டுக்கு எதிரே ஆஸ்பத்திரி இருப்பதால் நம் லைனில் கரண்ட் போவதில்லை, வாசலும் இரட்டைக் கதவு. துறைத் தலைவர் வந்து கையைப் பிசைந்துகொண்டு "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றார். சேற்றுக் காலோடு வந்தால் உன்னை வாசலிலேயே நிறுத்தியவள் நான், இப்போது இரண்டு நாட்டு மண்ணும் குப்பி குப்பியாக உறைந்து, உன் அப்பாவின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் ராஜமரியாதையோடு குடியிருக்கிறது. உன் சித்தப்பா அதைப் பார்த்து, "பொண்ணு கல்யாணம் வேணாம்னுச்சு, வீட்டோட மாப்பிள்ளை மட்டும் வந்துட்டாரே அண்ணி, பேச்சே இல்ல, வெறும் உறுமல்தான்" என்று சிரித்தார். கையோடு ஒரு பை மீனும் கொண்டுவந்திருந்தார். அரசாங்கப் பெட்டி என்றேன், "அரசாங்கம் மீன் சாப்பிடாதா?" என்கிறார். மீனை வாசலோடு திருப்பி அனுப்பினேன். உன் மாணவர்கள் தினமும் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், கையெழுத்துதான் கோழி கிண்டியது போல இருக்கும். குப்பியில் ஒட்டும் சீட்டைத் திருத்தமாக எழுதாதவரை நான் ஃப்ரீசரைத் திறக்க விடுவதில்லை.

இப்படி இருக்கும்போது பணம் கொடுக்கும் இலாகாவிலிருந்து அதிகாரி வந்தார். சோபாவில் உட்காருவதற்குள், "வீட்டு ஹால்ல வெக்கவா கவர்மென்ட் காசு குடுத்துச்சு?" என்று ஆரம்பித்தார். கருவி பல்கலைக்கழகத்தில் இல்லாவிட்டால் திட்டத்தை இந்த மாதத்தோடு முடித்துவிட வேண்டும், அங்கே இருப்பவரும் ஊர் திரும்ப வேண்டும் என்றார். அங்கே இருப்பவர் நீதான். அன்றும் வந்திருந்த சித்தப்பா என் காதோடு, "அண்ணி, வாயத் திறக்காதீங்க, பொண்ணு வந்துடும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. நீ வந்தால் உன் அறை ஜன்னலுக்கு எந்தத் திரை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அதிகாரி ஃப்ரீசரைத் திறந்து, சீட்டுகளைப் பார்த்து, "எங்க ஆபீஸ் ஃபைல்கூட இவ்ளோ சுத்தமா இருக்காதும்மா" என்று பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எடுத்துக் கொட்டிடலாம், மண்ணுதானே" என்றார்.

மண்ணுதானே என்று நான் சொல்லலாம், பெற்றவள். இவர் யார்? விதியைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். அதில் பல்கலைக்கழகக் கட்டடம் என்று எங்கேயும் இல்லை, பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள இடம் என்றுதான் இருந்தது. கதவு அகலமாகும்வரை இந்த ஹாலைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். துறைத் தலைவர் போனில் உன் அங்கத்துப் பேராசிரியரைப் பிடித்தார். இவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு அவர் முழித்ததால் போனை வாங்கி நானே பேசினேன். கான்வென்டில் மதர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் வீண்போகவில்லை, மறுவார்த்தை இல்லாமல் சம்மதித்தார். திட்டம் மீதி இரண்டு வருஷமும் நடக்கலாம் என்று அதிகாரி எழுதினார். சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். உன்னை இரண்டு வருஷம் அங்கேயே நிறுத்திவைத்தது அரசாங்கம் அல்ல, உன் அம்மா. கையெழுத்துப் போடுமுன் பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறினேன், நன்றாக எழுதும் பேனாதான், அதிகாரியும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

ஆனால் இடம் கொடுப்பவளுக்கும் ஒரு நிபந்தனை உண்டல்லவா? திட்டப் பொறுப்பாளர் வருஷம் ஒருமுறை நேரில் வந்து, ஒரு மாதம் தங்கி, குப்பிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னேன். ஒரு வாரம் போதாதா என்று அதிகாரி பேரம் பேசினார், குப்பிகள் ஏராளம் என்றேன். பயணச் செலவுக்கு ஒதுக்கிய தொகை அப்படியே கிடக்கிறது என்று உன் பேராசிரியரும் சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நல்ல பெயரோடும் நீண்ட ஆயுளோடும் இரு. உத்தரவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், வரும் தேதியை உடனே எழுது, எனக்கு வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே, இது அரசாங்க ஆணை.

ஆசிகளுடன்,
உன் அம்மா