கொப்பளிக்காத வாய்

கார்த்திகை 9, செவ்வாய்

இன்று எங்கள் தையல் கம்பெனிக்குப் பல் டாக்டரம்மா வந்திருந்தார். நூல் வெட்டுகிற டிரிம்மர் கையில் இருந்தாலும் நான் நூலைக் கடித்து அறுக்கிற முன்பல்லில், சுண்ணாம்பு தொட்டதுபோல ஒரு வெள்ளைத் தடம்.

"இன்னும் குழி விழலீங்க. பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடு பல்லுல தங்குனா, கரைஞ்ச எடம் மறுபடியும் இறுகும். ராத்திரி தேச்சதும் துப்புங்க, தண்ணி விட்டுக் கொப்பளிக்காதீங்க. நூலையும் கடிக்காதீங்க" என்றார்.

எங்கம்மாவும் டெய்லர்தான். முன்பல் போனதிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

இரவு தேய்த்துத் துப்பினேன். இவர் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றார்.

"ஏம்புள்ள, பல்லத் தேச்சுப்போட்டு வாய் கழுவாமப் படுக்கறதா? நல்லா இருக்குது."

"பேஸ்ட் பல்லுல இருக்கட்டுங்க. கழுவுனா மருந்து போயிருமாம்."

"இத்தன வருசம் கழுவுனதெல்லாம் தப்பா?"

சொம்பை வாங்கி பிரஷை மட்டும் கழுவினேன்.

வாயெல்லாம் காரம். ஒரு வாய் டீ குடித்தால் தேவலை போலிருக்கிறது. குடிக்கமாட்டேன். நாளைக்கு டிரிம்மரை நூல் கட்டி விரலிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். கை மறந்தாலும் வாய் முந்தக்கூடாது.

கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்தேன். கை பொத்தப் போனது. இறக்கிவிட்டேன்.