ஐஸ்கிரீம் கடைக்கு எழுந்து வந்தவள்

ஜூலை 3, வியாழன்

பள்ளியிலிருந்து போன் வந்தால் இப்போதெல்லாம் எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. மிளகுக்குத் தலைவலி. (ஆளும் சின்னது, காரமும் அதிகம் என்று அவள் அப்பா வைத்த பெயர்.) அரை நாள் விடுப்பு கேட்டதும் மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கூட்டிவந்து படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் தூங்கி எழுந்தவள், தரையில் குப்புறப் படுத்து பூனைப் படம் வரைகிறாள்!

பத்து வயதில் என்ன தலைவலி? "கணக்குப் பரீட்சை நாளாப் பாத்து வருது, கவனிச்சீங்களா?" என்றேன் அவள் அப்பாவிடம்.

"வீட்டுலயும் க்ளெய்ம் பாக்க ஆரம்பிச்சுட்டியா தாயே?" என்று சிரித்தார்.

என்ன செய்வது, காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலையே அதுதான். மருத்துவ பில்களில் எது நிஜம், எது ஜோடனை என்று பிரித்துப் பார்ப்பது. முதுகை அசைக்க முடியவில்லை என்று பணம் கேட்டவர் கல்யாண வீட்டில் ஆடிய வீடியோவைத் தேடிப் பிடித்தவள் நான். அதற்குக் கொடுத்த கேடயம் மேசையில் நிற்கிறது.

ஜூலை 5, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் தூக்கம் வராது.

மத்தியானம் மிளகு கண்மேல் தலையணையை அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். எனக்குள் அந்த அலுவலக மூளை விழித்துக்கொண்டது. கதவோரம் நின்று, ஏதோ போகிறபோக்கில் சொல்வதுபோல, "ஐஸ்கிரீம் கடைக்குப் போறேன், வர்றியா?" என்றேன்.

தலையணை நகர்ந்தது. "வர்றேம்மா." எழுந்து செருப்பைத் தேடினாள்.

மாட்டினாள் என்று நினைத்தேன். சந்தோஷம்கூடப் பட்டேன், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். வழியெல்லாம் குத்திக்கொண்டே போனேன். "தலைவலி எங்கடி போச்சு? ஐஸ்கிரீம்னதும் பயந்து ஓடிடுச்சா?" அவள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டே நடந்தாள். குட்டு வெளிப்பட்ட வெட்கத்தில் முகத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

கடைக்குள் பளீரென்று வெள்ளை விளக்குகள். முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே வாந்தி. மேசை, கவுன், என் புடவை, எல்லாம்.

கடைக்காரர் துணியோடு ஓடிவந்தார். "உடம்பு முடியாத பிள்ளைய வெயில்ல எதுக்கும்மா இழுத்துட்டு வந்தீங்க?"

எதுக்கு? சொல்லடி, எதுக்கு?

ஜூலை 6, ஞாயிறு

"வலிக்குதா கண்ணு?" "இல்லம்மா." நாள் முழுக்க இதே பதில்.

ஜூலை 8, செவ்வாய்

குழந்தைகள் டாக்டரம்மா நிதானமானவர். கண்ணில் விளக்கடித்தார், முட்டியைத் தட்டினார், ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு, "ஒற்றைத் தலைவலி. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

"இந்த வயசுல போயா டாக்டர்?"

"ஏன் வரக்கூடாது? பத்துப் பிள்ளைங்களக் கேட்டா ஆறு பேராவது எப்பவாவது தலை வலிச்சிருக்குன்னு சொல்லும். டீன் ஏஜ் ஆகும்போது இன்னும் அதிகம். பெரியவங்களாட்டம் நாள் பூரா இருக்கணும்னு இல்ல. ஒரு தூக்கம் போட்டா சட்டுனு விட்டுடும், எழுந்து விளையாடும். அதனாலயே பல வீட்டுல நம்பறதில்ல."

பூனைப் படம். நான் சாட்சியாக எடுத்து வைத்திருந்த பூனைப் படம்.

மிளகைப் பார்த்து, "எப்படி வலிக்கும், சொல்லு பாப்போம்" என்றார். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையை. "அவ்ளோ ஒண்ணும் வலிக்காது."

வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம். ஒரு மாத்திரையை டீச்சரிடமும் கொடுத்து வைக்கவேண்டும். "ஆரம்பிச்ச உடனே சொல்லணும், அப்பத்தான் மருந்து கேக்கும்" என்றார் டாக்டரம்மா.

சொல்லணும். யாரிடம்? என்னிடமா?

ஜூலை 11, வெள்ளி

வகுப்பு டீச்சர் போன் செய்தார். மிளகு மேசையில் தலை சாய்த்தே கிடக்கிறாளாம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாளாம். மாத்திரையும் வேண்டாமாம்.

அவளைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை, அவள் அப்பாவைக் கேட்கச் சொன்னேன். அவ்வளவு வலியோடு ஏன் கடைக்குப் போனாய் என்று கேட்டிருக்கிறார்.

"அம்மா எப்பவும் லேப்டாப்தானே பாத்துட்டிருப்பாங்க. அன்னைக்கு அவங்களாவே கூப்பிட்டாங்கப்பா. வரலைன்னு சொன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்கல்ல?"

இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான். என் பிள்ளைக்கே வலை விரிச்சேனே. அவ ஐஸ்கிரீமுக்கு வரல, எனக்காக வந்திருக்கா.

ஜூலை 12, சனி

அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உன்ன நான் நம்பல. நெஜமா வலிக்குதான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன். தப்பு என்னோடதுடி."

"சரிம்மா" என்றாள். கோரிக்கை தள்ளுபடி என்று நான் சொன்னதும், போனை வைப்பதற்கு முன் சிலர் சொல்வார்களே ஒரு 'சரிங்க', அதே குரல்.

ஜூலை 17, வியாழன்

இன்று வீட்டிலிருந்து வேலை. மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்திருந்த மிளகு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து நின்றாள். வாயில் பிஸ்கட்.

"அம்மா, தலை வலிக்குது."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுகிறது, கண் கூசவில்லை. கன்னம் நிறைய பிஸ்கட். கேடயம் வாங்கிய மூளைக்கு ஒரு நொடி போதுமே.

"கொஞ்சம் அவசரம்" என்று சொல்லி மீட்டிங்கை விட்டு வெளியேறினேன். திரையை இழுத்துவிட்டு, துணி நனைத்து நெற்றியில் போட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

நெடுநேரம் கழித்து, "அம்மா" என்றாள்.

"ம்."

"இப்ப வலிக்கல."

"சரி."

"அப்பவும் வலிக்கல. சும்மா சொன்னேன்."

"தெரியும்டி."

"தெரிஞ்சா ஏன் வந்த?"

"நீ கூப்பிட்ட. வந்தேன்."

யோசித்தாள். "உங்க மேனேஜர் திட்டுவாரா?"

"நல்லாத் திட்டுவார்."

களுக்கென்று சிரித்தாள். வாயில் மிச்சமிருந்த பிஸ்கட் தூள் என் கழுத்தெல்லாம். எழுந்து போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளியிலிருந்து போன். டீச்சர் குரல் இல்லை, அவளுடையது.

"அம்மா, ஆரம்பிக்குதும்மா. இடது பக்கம். டீச்சர் மாத்திரை குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன். நீ வர்றியா?"

மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். இன்று என்ன பரீட்சை என்று நான் கேட்கவில்லை.