ஆவணி ஒன்பதில் நின்ற கணினி

நலம் முந்துக. வெண்கோட்டு மலைக்கும் இருகரை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை ஆளும், நான்காம் வெண்குடை தாங்கிய தேனார்மொழி மாதேவி, கூகைமுடிக் கோட்டையின் காவலரும் வடவெல்லைப் படையின் தலைவரும் எம் கைப்பிடித்த கணவருமாகிய நன்னாகருக்கு விடுக்கும் ஓலை. கோட்டையின் மதில் உறுதியாக நிற்க. அதன் சுனை வற்றாதிருக்க. உடனிருக்கும் வீரர் அனைவரும் உடல் நோவின்றி இருக்க. இந்த ஓலை உங்கள் கையிலேயே வந்து சேர்க.

ஆவணி ஒன்பதாம் நாள் காலையில், குதிரை ஏறுவதற்கு முன் நாம் பேசியது உங்களுக்கு மறந்திராது. நம் அறைச் சுவரில் இருந்த நாட்காட்டியைக் காட்டி, "இந்தத் தாளக் கிழிக்காம வச்சிருப்பியா?" என்று கேட்டீர்கள்.

"தாள் மட்டும் இல்லீங்க. கணினியிலயும் நாள நிறுத்தி வைக்கப் போறேன்" என்றேன்.

"அது மிஷின், தேனு. அதுக்கு நாள் காக்கத் தெரியாது."

"நான் கத்துக்குடுப்பேன்."

"கத்துக்குடு. அப்புறம் அதுவும் உன்ன மாதிரியே என் பேச்சக் கேக்காது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனீர்கள்.

அரச ஓலை எந்தச் சபையிலும் படிக்கப்படலாம் என்பதால் நமக்குத் தெரிந்ததையும் இங்கே எழுதுவிக்கிறேன். எல்லைக்குப் போனவர் திரும்பும்வரை அவர் வீட்டு நாட்காட்டியில் தாள் கிழிப்பதில்லை. இதை நம் நாட்டில் நாள் காத்தல் என்பார்கள். தாள் கிழிந்துவிட்டால் அந்த வீட்டில் இனி யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று ஊர் அறிந்துகொள்ளும். நம் கணினியிலும் நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காலையும் அதைத் திறந்தவுடன் முதல் வேலையாக நாளை மறுபடி ஆவணி ஒன்பதுக்குத் திருப்பி வைத்தேன். கோட்டைக் கணினியிலும் அவ்வாறே செய்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். போனவருக்கு அந்தக் கடமை இல்லை. இருந்தும் செய்தீர்கள். அதைப் படித்த அன்று சபையில் நான் காரணமின்றிச் சிரித்ததாக அமைச்சர்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

ஏழு திங்கள் அப்படியே போயின. மாலைதோறும் உலாவியைத் திறந்தால் கடிதப் பக்கத்தில் உங்கள் எழுத்து இருக்கும். அதற்கு நான் மறுமொழி எழுதுவேன்.

இந்தப் பங்குனி மூன்றாம் நாள் மாலை உலாவியைத் திறந்தபோது, புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பிக்கலாமா என்று கேட்டது. சம்மதித்தேன். நீலக்கோடு தொண்ணூற்று ஏழு விழுக்காடுவரை ஓடி நின்றது. வெகுநேரம் அசையாமல் இருந்து, பிறகு புதுப்பிக்க இயலவில்லை என்று ஒரு வரி காட்டியது. பழைய உலாவியில் கடிதப் பக்கத்தைத் திறக்க முயன்றால், இந்தப் பக்கம் பாதுகாப்பானதன்று என்று சொல்லி வெள்ளைத் திரையைக் காட்டியது. அணைத்துத் திறந்து பார்த்தேன். மறுபடி தொண்ணூற்று ஏழு. மறுபடி வெள்ளைத் திரை.

தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் இருந்தேன். அதற்கடுத்த நாள், வடமலைச் சரிவில் ஆடு மேய்ப்பவர்கள் கூகைமுடிப் பக்கம் புகை கண்டதாகச் செய்தி வந்தது. காட்டுத் தீயாக இருக்கலாம் என்றார் அமைச்சர். இருக்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். அன்றைக்கே கணினிநாயகம் ஆளவந்தாளை வரச்சொன்னேன்.

அவளை உங்களுக்குத் தெரியும். எந்தப் பொறியையும் முதலில் திட்டிவிட்டுத்தான் தொடுவாள். உலாவியை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவதே சுருக்கமான வழி என்றாள். நான் மறுத்தேன். கடிதப் பக்கத்தின் கடவுச்சொல்லை வைத்தவர் நீங்கள். நினைவில் வைத்திருந்தது உலாவி. எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால்தான் அமைச்சரின் கணினியிலும் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை அரசியைப் பார்க்கும் பார்வையன்று. ஒரு நாட்டின் கருவூலச் சாவியை நினைவு வைத்திருப்பவர், வீட்டுக் கடவுச்சொல்லை மறந்ததைச் சரித்திரத்தில் எழுதலாமா என்று கேட்டுவிட்டு, முதலில் உலாவியின் நினைவு முழுவதையும் பென் டிரைவில் படியெடுத்து வைத்தாள்.

பிறகு ஆறு நாள் போராடினாள். மூடிய பின்னும் உலாவி மறைவாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தேடி நிறுத்தினாள். கணினியின் வன்வட்டில் இடமில்லையோ என்று பழைய விழாப் படங்களை வேறிடம் மாற்றினாள். காவல் மென்பொருள் தடுக்கிறதோ என்று அதைச் சற்றுநேரம் உறங்க வைத்தாள். வேறு கணினியில் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டு வந்து, பழையதன்மேல் நிறுவிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கோடு ஓடியது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது.

இதற்கிடையில் பங்குனி ஒன்பதாம் நாள் வரவேண்டிய கோட்டை அஞ்சலோட்டி வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. வழியில் பாலம் உடைந்திருக்கலாம் என்று சபையில் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். அறைக்குத் திரும்பியபின் என்னால் அமர முடியவில்லை. படிக்கட்டில் எவர் காலடி கேட்டாலும், வருபவர் மெதுவாக வருகிறாரா, தயங்கி நிற்கிறாரா என்றே செவி தேடியது. கெட்ட செய்தி கொண்டுவருபவர்கள் கதவருகில் ஒரு கணம் நிற்பார்கள் என்பதை என் தந்தை இறந்த அன்று அறிந்தேன்.

நேற்று, பதின்மூன்றாம் நாள் காலை, ஆளவந்தாள் கணினி முன் அமர்ந்தவள் எதையும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். வேலையாட்களை வெளியே அனுப்பும்படி வேண்டினாள். அனுப்பினேன். அதன் பிறகுதான் சொன்னாள்.

"தேவி, மிஷின்ல பழுது ஒண்ணுமில்ல. நாளுதான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் திரையின் கீழ் மூலையைக் காட்டினாள். ஆவணி ஒன்பது என்றிருந்தது.

"கடிதப் பக்கத்துக்கு இந்தப் பங்குனியிலதான் புதுச் சான்றிதழ் குடுத்திருக்காங்க. புதுப் பதிப்போட கையொப்பமும் பங்குனியிலதான். இந்தக் கணினிக்கு அதெல்லாம் இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காததை எப்படி நம்பும்? அதான் போலின்னு தள்ளுது."

எப்போது கண்டாய் என்று கேட்டேன். முதல் நாளே சந்தேகம் வந்ததாகச் சொன்னாள். அப்படியானால் இந்த ஆறு நாளும் என்ன செய்தாய் என்று கோபித்தேன். வேறு எதுவாவது காரணமாக இருந்துவிடாதா என்று ஆறு நாளும் தேடியதாகச் சொன்னாள். அரசியிடம் போய் நாளை மாற்றுங்கள் என்று சொல்ல இந்த நாட்டில் எந்த வாய்க்குத் துணிவு வரும் என்று கேட்டாள். அமைச்சரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் தமக்கு அன்று காது கேட்கவில்லை என்றாராம். இந்த அரண்மனையில் அந்த மூலையைக் கண்ட பலருக்கும் அது தவறான நாள் என்று தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. சொல்வது எனக்குக் கைம்மை கூறுவதாகும் என்று அஞ்சினார்கள்.

அவளையே மாற்றச் சொன்னேன். தன் கையால் செய்ய மாட்டேன் என்று கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நானே அமர்ந்தேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று அறிய வேண்டுமானால், நீங்கள் இல்லை என்பதற்குரிய செயலை நான் செய்தாக வேண்டும். ஆவணியிலிருந்து ஒவ்வொரு திங்களாக அழுத்திப் போனேன். ஐப்பசியில் கை நின்றுவிட்டது. தையில் கண் மறைத்தது. பங்குனி பதின்மூன்று என்று திரையில் வந்தபோது, தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்த சமையற்காரி அதைக் கண்டுவிட்டாள். செம்பு கீழே விழுந்தது. அவள் ஒப்பாரிக்கு வாயெடுத்தாள்.

அவர் இருக்கிறார், அழாதே என்று அவளை அதட்டினேன். எனக்கே தெரியாத ஒன்றை அரசாணையைப் போலச் சொன்னேன். அவள் நம்பினாள். நான் நம்பும்படி என்னையும் அருகில் யாராவது அதட்டியிருக்கலாம்.

கோடு தொண்ணூற்று ஏழைத் தாண்டியது. நூறானது. உலாவி திறந்தது. கடவுச்சொல்லை மறக்காமல் வைத்திருந்தது. படிக்காத கடிதம் ஒன்றே ஒன்று இருந்தது. பங்குனி மூன்றாம் நாள் மாலை நீங்கள் எழுதியது. சுனை நீர் குளிர்ந்திருப்பதையும், புதிய சமையற்காரன் உப்பை எதிரி நாட்டுப் பொருளைப்போல் வெறுப்பதையும் எழுதிவிட்டு, இவ்வாறு முடித்திருந்தீர்கள்: "இங்கேயும் உலாவி புதுப்பிக்கச் சொல்கிறது. சரியென்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறேன். வந்து மீதியை எழுதுகிறேன்."

மீதி வரவில்லை. இந்த நாள்கள் அனைத்திலும் வேறொன்றும் வரவில்லை. நேற்று நான் எழுதிய மூன்று கடிதங்களும் படிக்கப்படாமல் கிடக்கின்றன.

உங்கள் கணினியும் ஆவணி ஒன்பதில் நிற்பதால் என்னுடையதைப்போல் அடைபட்டிருக்கலாம். அல்லது அந்தப் புகை காட்டுத் தீயாக இல்லாதிருக்கலாம். இந்த இரண்டில் எது என்று அறியாமல் இந்த ஓலையை எழுதுவிக்கிறேன். ஆகவே எம் ஆணை இது.

ஓலை கண்டவுடன் கோட்டைக் கணினியின் முன் அமருங்கள். திரையின் கீழ் மூலையில் நேரம் காட்டும் இடத்தை அழுத்தி, நாளும் நேரமும் தானாக அமையும்படி செய்யுங்கள். தானாக அமையாவிட்டால், ஓலை வந்துசேரும் நாளைக் கையாலேயே இடுங்கள். உலாவியை முழுதாக மூடி, கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்து, புதுப்பிப்பை மீண்டும் தொடங்குங்கள். எக்காரணத்தாலும் உலாவியை நீக்காதீர்கள். நாளை மாற்ற உங்கள் கை தயங்கும். என் கை தயங்கியதை மேலே சொன்னேன். அதை மாற்றுவதால் நான் இல்லை என்று ஆகாது. நான் இருக்கிறேன். அதற்குச் சான்றாக முத்திரையின் பக்கத்தில் என் பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறேன்.

கூகைமுடிப் படையில் மாசியோடு தவணை முடிந்தவர்கள் உங்களையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர். நீங்கள் எல்லோருக்குமாகத் தவணை நீட்டிக் கேட்டீர்கள், நானும் கையொப்பமிட்டேன். நேற்று மாலை அந்த வீடுகளின் பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வீடுகளிலும் தாள் கிழிக்கவில்லை. எனவே மாற்றுப்படை நாளை விடியலில் புறப்படுகிறது. அவர்கள் கோட்டையை ஏற்றபின், தவணை முடிந்த ஒவ்வொருவரும் மலையிறங்க வேண்டும். இதில் படைத்தலைவருக்கு விலக்கில்லை. ஓலை கொண்டுவரும் அஞ்சலோட்டி இதை உங்கள் கையிலன்றி எவர் கையிலும் கொடுக்கமாட்டார். அந்தக் கை இல்லையென்றால் ஓலைக்கட்டை அவிழ்க்காமல் திருப்பிக் கொண்டுவருவார். அந்தக் கட்டை என் மேசைமேல் காணும் நாளை எனக்குக் காட்டாதிருக்க எல்லை தெய்வத்தை வேண்டுகிறேன்.

வெண்கோட்டு நாட்டின் குடைநிழலில், பங்குனி பதினான்காம் நாள், முற்பகலில், சபையோர் அறிய இந்த ஆணை பிறந்தது. மலை நிற்கும்வரை இதன் சொல் நிற்க. இதற்கு இரட்டைக் கொம்பு முத்திரை.

முத்திரைக்குக் கீழே எதுவும் எழுதுவது மரபன்று என்று ஓலைநாயகம் குணபரர் எழுத்தாணியை எடுத்துவிட்டார். மறுபடி வைக்கச் சொன்னேன்.

இந்த ஏழு திங்களிலும், ஒவ்வொரு மாலையும் கடிதத்தின் முடிவில் ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு, அனுப்புமுன் அழித்துவிடுவேன். அரசி கேட்டால் அது ஆணையாகிவிடும். தன் கணவனை மட்டும் எல்லையிலிருந்து காப்பாற்றிக்கொண்டாள் என்று நாற்பத்தொரு பெண்கள் சொல்வார்கள், அது சரியாகவும் இருக்கும். இப்போது ஆணை எல்லோருக்கும் போய்விட்டது. ஆணையை மதித்து நீங்கள் வருவீர்கள். ஆனால் நான் கேட்டதாக ஆகாது.

ஓலையில் சொல்ல வேண்டியதை வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். குணபரர் எதிரில் இருக்கிறார். ஆளவந்தாள் கதவருகில் நிற்கிறாள். நான் சொல்வது இருவருக்கும் கேட்கும். மீண்டெழுந்தருள்க என்று எழுதலாமா என்று குணபரர் மெல்லக் கேட்கிறார். வேண்டாம், நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்துடுங்க. நான் கேக்குறேன். எனக்காக வந்துடுங்க.