நான்காம் பாகத்தில் காணாமல்போன குரலைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
வாயாடி
(தங்கள் தளத்தில் எங்கள் வீட்டுக் கணக்கிலுள்ள இரண்டாவது முகப்பு, அதாவது ப்ரொஃபைல். முதல் முகப்பான "முதலாளி" என் கணவர். இரண்டு பெயரும் அவர் வைத்தவை.)
மூன்றாம் மாடி, லிஃப்ட் ஓடாத கட்டடம்.

பெறுநர்
உயர்திரு குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழியில் தொடர்களும் படங்களும் வழங்கும் நிறுவனம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: விடுதி நடத்தும் மூன்று சகோதரிகள் பற்றிய தொடர் – நான்காம் பாகத்தில் காட்சி விளக்கக் குரல் இல்லாமை – முந்தைய பாகங்களில் பேசிய அதே பெண்மணியைக் கொண்டே சேர்த்துத்தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் உதவி மையம் எனக்கு அனுப்பிய இரண்டு பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

1. இது புகார் மனுதான் என்றாலும் இதில் பெரும்பகுதி பாராட்டு என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். பாராட்டுவதற்குத் தங்கள் இணையதளத்தில் இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. திட்டுவதற்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்தருளவும்.

2. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்குவது அவர் வேலை. கண் நரம்பு பழுதாகி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் முழுவதுமாகப் போய்விட்டது. வைத்தியத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. அதன் பிறகு டிவி ஓடும் நேரத்தில் அவர் கூடத்துக்கே வரமாட்டார். "நீ பாரு. நான் எதுக்கு அங்க தூணாட்டம் உக்காந்துகிட்டு" என்று உள்ளறையில் ரேடியோவோடு இருந்துவிடுவார். கல்யாணமான புதிதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்து, கதாநாயகனின் தலைமுடியைக் கிண்டலடித்தே காலம் தள்ளியவர்கள் நாங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்று ஆனது எனக்குத் தாங்கவில்லை. சொல்ல என்ன வெட்கம், டிவியில் சிரிப்புக் காட்சி வந்தால்கூட எனக்கு அழுகைதான் வரும்.

3. அப்படியிருக்கையில் ஒருநாள் ரிமோட்டில் மாவு ஒட்டியிருந்தது (நான் பேக்கரியில் கல்லாவில் இருக்கிறேன், என் கைபட்ட எல்லாவற்றிலும் மாவு இருக்கும்). ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். எந்தப் பொத்தான் அமுங்கியதோ, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் குரல் நடுவில் புகுந்து, "பெரியவள் சாவியை எடுக்கிறாள். திரும்ப வைத்துவிடுகிறாள்" என்றது. பக்கத்து வீட்டுக்காரிதான் எங்கள் டிவியைப் பார்த்துக் கதை சொல்கிறாளோ என்று நான் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். பிறகு அதை அணைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம்: "ஏய், அணைக்காத! எந்தச் சாவி? எதுக்குத் திரும்ப வச்சா?" சுவரைத் தடவியபடி வந்து, சோபாவில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நான் அணைக்கவில்லை, ஐயா. பார்வையில்லாதவர்களுக்காகத் தாங்கள் சேர்த்திருக்கும் குரல் அது என்று பிறகுதான் தெரிந்தது. தங்கள் நிறுவனத்துக்குக் கோடி நன்றி.

4. அந்தக் குரலின் அருமையைத் தாங்கள் அறிவீர்களா என்பது எனக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும், ஏனென்றால் அது அவர் தொழில் சம்பந்தப்பட்டது. கப்பலின் அடித்தளம் மேலே இருக்கும் கிரேன்காரரின் கண்ணுக்குத் தெரியாது. கீழே ஒருவர் வாக்கி டாக்கியோடு நின்று, "இடது... மெதுவா... நிறுத்து... இறக்கு" என்று சொல்வார். அவரைக் கீழாள் என்பார்கள். நல்ல கீழாள் முன்கூட்டியே சொல்வார், சுருக்கமாகச் சொல்வார், தன் பயத்தையும் பதற்றத்தையும் அதில் கலக்கமாட்டார். என் கணவரிடம் இருபது வருடத்துக்கு மேல் கீழாளாக இருந்தவர் கட்டையன். அவர் ஒரு விடுமுறையன்று வீட்டுக்கு வந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு பகுதி முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "அண்ணே, இந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்குக் கீழ நின்னிருந்தா நான் வேற வேலைதான் தேடியிருக்கணும்" என்றார். சுலபத்தில் யாரையும் பாராட்டுகிற ஆளில்லை அவர். என் சமையலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்மணிக்கு எங்கள் வீட்டில் "கீழக்கா" என்று பெயர். தாங்கள் தொடரின் முடிவில் அவர் பெயரைப் போடாததால் நாங்களே வைத்துக்கொண்டோம்.

5. ஓர் உதாரணம் மட்டும். இரண்டாம் பாகத்தில், தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட செய்தி நடுவளுக்கு வருகிறது. அவள் சமையலறைக்குப் போகிறாள். கீழக்கா சொல்கிறார்: "தட்டைத் துடைக்கிறாள். அடுக்குகிறாள். அதே தட்டை எடுத்து மறுபடி துடைக்கிறாள்." இவ்வளவுதான். அழுகிறாள் என்றோ மனமுடைந்தாள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் அது அதே தட்டு என்பதைக் கவனிக்கவில்லை. என் கணவர், "பாவம்டி அந்தப் புள்ள" என்று மூக்கை உறிஞ்சினார். அந்தக் கணத்தில் எங்கள் இருவரில் நன்றாகப் பார்த்தவர் அவர்தான். பார்வை போன பிறகு அவர் என்னை ஜெயித்த முதல் இடம் அது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

6. இனி புகார். மூன்றாம் பாகம் எங்கே முடிந்தது என்பது தங்களுக்கே தெரியும். "கதவு தட்டப்படுகிறது. சின்னவள் திறக்கிறாள். வெளியே நிற்பவரைப் பார்த்ததும் கையிலிருந்த விளக்கைக் கீழே வைக்கிறாள்." முற்றும். வந்தது ஓடிப்போன அப்பாதான் என்று என் கணவர், இல்லை பழைய சமையல்காரர்தான் என்று நான், இருவருமே இல்லை என்று கட்டையன். நான்காம் பாகம் வரும்வரை எங்கள் வீட்டில் இதே சண்டைதான். வெளியான அன்று நான் பேக்கரியில் விடுப்பு எடுத்தேன். என் கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கட்டையன் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். தொடர் ஆரம்பித்தது. கதவு கிறீச்சிட்டது. இசை வந்தது. ஒருவரும் பேசவில்லை. கீழக்காவும் பேசவில்லை.

7. "யாருடி?" என்று என் கணவர் கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். ஐயோ என்று ஒரு சத்தம் போட்டேனே தவிர, அதற்குமேல் வாய் வரவில்லை, தாரைதாரையாக அழுகைதான் வந்தது. "முதல்ல என்னன்னு சொல்லு, அப்புறம் அழு" என்றார். முடியவில்லை. அவர் கையை உயர்த்தி, "நிறுத்து. சொல்லாத. யாரும் எனக்குச் சொல்லக்கூடாது. வேலை பாதியில கீழாளை மாத்தினா எவனாவது கொக்கியை இறக்குவானா? அவ வரட்டும்" என்றார். எழுந்து உள்ளறைக்குப் போனார். ரேடியோ சத்தம் கேட்டது.

8. வீட்டிலிருப்பவர்களே சொல்லிச் சமாளிக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். வேறொரு படத்தை வைத்து அதையும் செய்து பார்த்தோம். நான் சொன்னால் எல்லா வில்லனும் என் பேக்கரி முதலாளி மாதிரியே இருக்கிறானாம். கட்டையன் சொன்னதோ, "பொண்ணு இடது பக்கம் நகருது... பையன் வர்றான்... நெருங்குறான்... மெதுவா... நிறுத்து, நிறுத்து!" அது காதல் காட்சி. என் கணவர் வயிறு வலிக்கச் சிரித்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் மறுபடி உள்ளறைக்குத்தான் போனார்.

9. தங்கள் உதவி மையத்தின் முதல் பதில், திரையின் கீழே வரும் வசன வரிகளைப் படிக்குமாறு அறிவுறுத்தியது. படிக்க முடிந்தவருக்காகவா நான் மல்லுக்கட்டுகிறேன்? இரண்டாவது பதில், விரைவில் இயந்திரக் குரல் சேர்க்கப்படும் என்றது. அந்தக் குரலை வேறொரு தொடரில் கேட்டோம். "ஒரு பெண். ஒரு மேசை. ஒரு தட்டு" என்றது. அது அதே தட்டா என்று அதற்குத் தெரியவில்லை, ஐயா. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

10. ஆகவே, நான்காம் பாகம் முழுமைக்கும் கீழக்காவையே பேசவைத்து, முடிவில் அவர் பெயரையும் போட ஆவன செய்யுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு உடல்நலம் சரியில்லை என்றால் சொல்லுங்கள், காத்திருக்கிறோம். வேலையை விட்டு அனுப்பியிருந்தால் தயவுசெய்து திரும்பக் கூப்பிடுங்கள். துறைமுகத்தைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் அவரைத் தம் தொழிலின் ஆளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

11. இறுதியாக ஒன்று. கட்டையன் கண்ணை மூடியே இருந்ததால் கதவுக்கு வெளியே நின்றது யார் என்பது அவருக்கும் தெரியாது. இந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். மீதிப் பகுதிகளையும் என் கணவர் இல்லாமல் நான் பார்க்கவில்லை. என் கணவர் எனக்கு வைத்த பெயரையும் இந்த மனுவின் நீளத்தையும் பார்த்து, நான் எவ்வளவு சிரமப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தாங்களே கணித்துக்கொள்ளவும். விரைந்து நடவடிக்கை எடுங்கள், ஐயா. அவருக்கு அதைக் கீழக்காவே சொல்லட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொள்கிறேன்.

இடம்: கூடம், சோபாவின் வலது ஓரம். இடது ஓரம் அவருடையது.
நாள்: நான்காம் பாகம் வந்த அடுத்த மாதம், முதல் திங்கட்கிழமை.

இப்படிக்கு,
பதிலுக்காக வாய்மூடிக் காத்திருக்கும்
வாயாடி