படத்தில் இல்லாத வீடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். குட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உங்கள் கப்பல் படத்தைக் காட்டினால் "ப்பா" என்கிறாள். சோப்பு டப்பாவைக் காட்டினாலும் அதையேதான் சொல்கிறாள்.

பழைய பாலத்துக்கு நூறு வயது ஆனதை ஊரே கொண்டாடியது. அன்றைக்குப் பாலத்தின் மேலிருந்து ஆற்றங்கரை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, பதினான்கு படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக ஒட்டினேன். கரையில் தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கைகூட ஆட்டினாள்.

விழா அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில நீலத் தார்ப்பாய் கண்ணை உறுத்துது, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்றார். அது உங்கள் வீட்டுக் கூரை. படம்தானே என்று நினைத்துவிட்டேன். தார்ப்பாயை எடுத்தால் சுவர் மொட்டையாக நின்றது, அதையும் எடுத்தேன். கொடி, துணி, கை ஆட்டியவள் எல்லாம் போய் அந்த இடத்தில் நாணல் வந்தது. வேலை சுத்தமாக அமைந்ததில் எனக்குக் கர்வம் வேறு. படத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்ற படிவத்தில், வழக்கம்போல் படிக்காமலேயே கையெழுத்தும் போட்டேன்.

போன வாரம் கரையை அகலப்படுத்த உத்தரவு வந்திருக்கிறது. நூற்றாண்டு நாளன்று இருந்த வீடுகளுக்கு மட்டும்தான் மாற்று வீடாம். நீங்கள் கட்டி எட்டு மாதம்தான் ஆகிறது, மின் இணைப்பும் இல்லை, வரி ரசீதும் இல்லை. எந்த வீடு இருந்தது, எது இல்லை என்பதற்கு அலுவலகம் வைத்திருக்கும் சான்று என் படம்.

அசல் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நில அளவை அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அழிக்கத் தெரிஞ்சவருக்கு வரையத் தெரியாதா? தங்கச்சி வீடுன்னு வேற சொல்றீங்க" என்றார். மறுபடியும் நான்கு நாள் போய் நின்றேன். இப்போது தூரத்தில் என்னைக் கண்டாலே காவலாளி தலையாட்டி அனுப்பிவிடுகிறார்.

அழித்தது நான்தான் என்று தங்கச்சிக்குத் தெரியாது. பாலத்தில் மாட்டியிருக்கும் பெரிய படத்தின் முன்னால் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று தேடியிருக்கிறாள். "உன் படத்துல எவனோ கை வச்சிருக்காண்ணா, அவன் நல்லா இருப்பானா? நீதான் கண்டுபிடிக்கணும்" என்று அழுதாள். விசாரிக்கிறேன் என்றேன்.

வரும் திங்கட்கிழமை இடிக்கிறார்கள். இந்தக் கடிதம் உங்கள் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது வீடு இருக்காது. என் ஸ்டூடியோவின் பின்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன், இருவரையும் பட்டினி போடமாட்டேன். அவளோ அக்கம்பக்கத்தில், "எனக்கென்ன பயம், எங்கண்ணன் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் என்னை எப்படித் திட்டினாலும் தகும். ஆனால் அவளுக்கு எழுதும்போது, அந்த எவனோவைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது யார் என்பதை நானே அவளிடம் சொல்லும்வரை, அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்