இரண்டாவது கலங்கரை விளக்கு

ஜூன் 9

நாலு மாதம் முந்திப் பிறந்த ஒரே தகுதியால் எனக்கு அக்கா ஆகிவிட்டவளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மா மட்டும் உன் காலிக் கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அந்தக் கட்டிலில் இப்போது என் துவைக்காத துணிகள் ஓய்வெடுக்கின்றன என்பதால்கூட இருக்கலாம். உன் விடுதியில் போனைப் பூட்டி வைப்பார்களாம். அதற்காக நான் பேனா பிடிக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த கடிதத்தில் படம் மட்டும்தான் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆடப் போகும் கார்டுக் கடையின் அண்ணன், 'கலங்கரை விளக்கு' கார்டை ஆட்டத்தில் தடை செய்யலாமா என்று ஓட்டெடுப்பு வைக்கிறார்! கடை திறந்த அன்று, முதலில் வந்த முப்பது பேருக்கு மட்டும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இலவசமாகக் கொடுத்தாரே, அதே கார்டு. அதை இறக்கினால் எதிராளி கையிலிருக்கும் கார்டுகளையெல்லாம் மேசைமேல் திருப்பிப் போட்டாக வேண்டும். கார்டு பாக்கெட் வாங்கினாலும் உள்ளே வராது, கடையில் தனியாகவும் விற்பதில்லை. "சிலபேர்கிட்ட மட்டும் இருக்கிற கார்டை வச்சு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்று தடியன் கிளப்பிவிட்டான். போன சனிக்கிழமை என்னிடம் மூன்று ஆட்டம் தோற்றவன் வேறென்ன சொல்லுவான்?

நான் கேட்கிறேன்: கார்டு என்ன தப்பு செய்தது? மழையில் இரண்டு மணி நேரம் நின்று வாங்கினோம். நின்றவர்களுக்குத் தண்டனையா? நம் கார்டு ஆட்டச் சங்கத்தில் பத்தொன்பது பேர், உன்னையும் சேர்த்து. தபாலில் ஓட்டுப் போடு. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

துணிகளின் காவலாளி,
வால்

ஜூன் 17

அன்புள்ள வாலுக்கு,

துணியை இன்றே எடு.

கார்டைப் பற்றி ஒரு வாரமாக யோசிக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரியிடமும் கேட்டேன். அவள் சதுரங்கம் ஆடுகிறவள். "முப்பது பேருக்கு மட்டும் ரெண்டு ராணின்னா யாராவது ஆட வருவாங்களா?" என்றாள். நீ மழையில் நின்றது பெரிய விஷயம்தான். அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேனே, அது என் சோம்பேறித்தனமா? அரிதான கார்டு இருக்கட்டும். பாக்கெட் வாங்கினால் என்றைக்காவது வரும் என்றால் சரி. இதற்கு அந்த வழியே கிடையாது. இது தண்டனை இல்லை, வால். கார்டுக்கு ஓய்வு, அவ்வளவுதான். தடை செய்யலாம் என்று அண்ணனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். உன் சீட்டுக் கட்டுக்குள் இரண்டு இருக்கின்றன. யாரிடமோ மாற்றிக்கொண்டதாகச் சொன்னாய். விடுமுறையில் அந்த இரண்டையும் வைத்துப் பதினோரு முறை என்னைத் தோற்கடித்தாய். அந்த நல்ல மனசுக்காரர் யார்?

அக்கா

ஜூலை 2

வால்,

நீ பதில் போடவில்லை. கடை அண்ணன் போட்டிருக்கிறார்.

என் ஓட்டைக் கடையின் பின்னறையில் எல்லார் முன்னாலும் படித்தாராம். பிறகு திறப்பு நாள் நோட்டைப் புரட்டினால், இருபத்தேழாவது வரியில் என் பெயர், என் கையெழுத்து. "நீயும் ஒண்ணு வாங்கி வச்சிக்கிட்டு, அடுத்தவங்க கார்டுக்கு மட்டும் தடை கேக்கிறியேம்மா, இது என்ன நியாயம்?" என்று எழுதியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். என் ஓட்டை ஒதுக்கி வைத்துவிட்டார்.

அன்று காய்ச்சல் நூற்று இரண்டு. நான் போர்வைக்குள் இருந்தேன். கார்டு தீர்ந்துபோய்விட்டது என்று நீதான் வந்து சொன்னாய்.

அவர்கள் சிரித்தபோது நீயும் அந்த அறையில் இருந்தாயா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

இருந்தேன். சிரிக்கவில்லை. வாயைத் திறக்கவுமில்லை, அதுதான் இன்னும் மோசம்.

முதலில் நானாக நின்றேன். அப்புறம் சடையை அவிழ்த்துவிட்டு, உன் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீயாக நின்றேன். "உன் தங்கச்சி இப்பத்தான் வாங்கிட்டுப் போனா" என்றார் அண்ணன். "அவ ஒரு வாலுண்ணா, கண்டுக்காதீங்க" என்றேன். உன் பவரில் எனக்கு உலகமே கலங்கல். கையெழுத்துக் கோட்டுக்குள் விழுந்ததே அதிசயம்.

உனக்காகத்தான் வாங்கினேன், நம்பு. பேருந்து நிறுத்தத்தில் சும்மா இரண்டையும் என் சீட்டுக் கட்டோடு சேர்த்துக் கலைத்துப் பார்த்தேன். அங்கேதான் கெட்டேன். வீட்டுக்கு வந்தபோது "தீர்ந்துபோச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாற்றிக்கொண்ட கதையும் புளுகு.

நேற்று பின்னறையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தடியன் நாற்காலிமேல் ஏறிக் கைதட்டினான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு அப்படி எழுதிட்டேனே" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு ஒரு மாதம் ஆட்டம் கிடையாது. நாற்காலி அடுக்க மட்டும் போகலாம்.

உன் கார்டு இதோடு வருகிறது. ஒரு மூலை லேசாகத் தேய்ந்திருக்கும். பதினோரு ஆட்டம் ஆடிய கார்டு.

ஓட்டு ஒன்பதுக்கு ஒன்பது. என்னுடையது இன்னும் 'தடை வேண்டாம்'தான். என் புளுகு வேறு, என் கருத்து வேறு. இனி உன் ஓட்டையும் எண்ணுவார்கள். ஆனால் அண்ணன் சொல்கிறார், "இப்போ அவகிட்டயும் கார்டு இருக்கு, இன்னொரு தடவை கேட்டு எழுது" என்று. அதனால் கேட்கிறேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்: கையில் வந்த பிறகும் அப்படியே நினைப்பாயா?

வால்

ஜூலை 15

வால்,

கார்டு வந்தது. படத்தில் அந்த விளக்கின் அடியில் ஒரு குட்டிப் படகு இருக்கிறது, கவனித்தாயா? உன்னோடு ஆடும்போது அதைப் பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை.

பக்கத்துக் கட்டில்காரியோடு இரண்டு ஆட்டம் ஆடினேன். இரண்டிலும் ஜெயித்தேன். ஐயோ, என்ன சுகம்! மத்தியானம் வரை 'தடை வேண்டாம்' என்று மனசு மாறியே விட்டது. பேருந்து நிறுத்தத்தில் நீ எப்படிக் கெட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது ஆட்டத்துக்குக் கட்டைக் கலைத்தேன். "நான் படிக்கணும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகிறது.

அண்ணனிடம் சொல்: என் ஓட்டு தடைக்குத்தான். பத்துக்கு ஒன்பது.

கார்டைத் திருப்பி அனுப்ப மாட்டேன், அது என்னுடையது. சீட்டுக் கட்டோடு சேர்க்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி தீர்ந்திருக்கிறது. மீதிக்கு விடுமுறையில் வருகிறேன். அதற்குள் கட்டிலைக் காலி செய்து வை. பன்னிரண்டாவது ஆட்டம் ஆடுவோம். இந்த முறை என் கையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

இன்னமும் நாலு மாதம் மூத்த,
அக்கா